நாலு தந்தியும் 4,800 டொலரும்

எங்கள் வீடுகளில் கடனைப் பற்றிச் சத்தமாகப் பேசமாட்டார்கள். ஆரிட்ட வாங்கினது, எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் குசினிக்குள்ளேயே மெல்லிய குரலில் முடிந்துவிடும். நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன். போன வருடக் கடைசியில் என் கிரெடிற் காட்டில் 4,800 டொலர் கடன் நின்றது. அதை இறக்க என் பேஸ் கிற்றாரை விற்றேன்.

கடன் வந்த கதை சின்னது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவுக்குக் கடுமை என்று போன் வந்தது. ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு மூன்று ரிக்கற், இரண்டு நாளுக்குள். அந்த நேரத்தில் விலை பார்க்க முடியுமா? அதே மாதம் என் ஒப்பந்த வேலையும் முடிந்திருந்தது. ஐ.ரி. ஆலோசகர், பொறியியலில் முதுமாணி என்றால் கலியாண வீடுகளில் நல்ல மரியாதைதான். ஆனால் செய்த வேலைக்கான காசு, இன்வொய்ஸ் அனுப்பி 30 நாளோ 60 நாளோ கழித்துத்தான் வரும் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கும் அப்படி ஒரு போன் வந்தால் அதே காட்டைத்தான் எடுப்பேன்.

கணக்கை மட்டும் பாருங்கள். வருட வட்டி 19.99 வீதம். 4,800 டொலருக்கு மாதம் ஏறக்குறைய 80 டொலர் வட்டி. மாதம் 100 டொலர் கட்டினால் 80 வட்டிக்குப் போய், கடனில் குறைவது வெறும் 20. எனக்குப் படிப்புக் கடனும் கொஞ்சம் இருந்தது. கனடாவில் மத்திய அரசின் மாணவர் கடனுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டி இல்லை. அதனால் அதை அவசரப்படாமல் கட்டலாம். காட்டை அப்படி விட ஏலாது.

வீட்டில் விற்கக்கூடியது என்று என்னிடம் இருந்தது ஒன்றுதான். 2014இல், என் முதல் முழுநேர வேலையின் சம்பளத்தில் 1,500 டொலருக்கு வாங்கிய ஃபென்டர் ஜாஸ் பேஸ். ஃபென்டர் அந்த வடிவத்தை 1960இல் கொண்டுவந்தது, இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. நாலு தந்தி, 34 அங்குலத் தந்தி நீளம், நாலு கிலோ பாரம். தோளில் மாட்டி அடித் தந்தியைத் தட்டினால் சத்தம் காதுக்கு வரமுதல் நெஞ்சில் தெரியும். இங்கே மாரியில் ஹீட்டர் போட்டதும் வீட்டுக் காற்று காய்ந்துபோய் கழுத்து மரத்தின் வளைவு மாறும். கழுத்துக்குள்ளே ஓடும் இரும்புக் கம்பியை அலன் சாவியால் கால் சுற்றுத் திருகிச் சரிசெய்ய வேண்டும். பத்து மாரி அதைச் செய்திருக்கிறேன். எந்த மூலையில் எப்படிக் கீறல் விழுந்தது என்று இப்போதும் சொல்வேன்.

பேஸ் என்றால் எந்தச் சத்தம் என்று உங்களில் பலருக்குச் சந்தேகம் இருக்கும். 'மூடுபனி' படத்தில் இளையராஜாவின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை ஹெட்போனில் போடுங்கள். போன் ஸ்பீக்கரில் சரிவராது, அதில் கீழ்ச் சத்தம் அவ்வளவாக எழும்பாது. குரலை விட்டுவிட்டு, அதற்குக் கீழே தனியாக நடந்துபோகிற ஒரு சத்தத்தைப் பிடியுங்கள். அதுதான். 1980இல் வந்த அந்தப் பாட்டை வைத்துத்தான் நான் பேஸ் பழகினேன்.

விற்கப்போகிறேன் என்றதும் அம்மாதான் முதலில் மறித்தா. பத்து வருடமாக "உந்த டும் டும்மை நிப்பாட்டு" என்று பேஸ்மென்ற் படியில் நின்று கத்தின அதே அம்மா.

"என்ர காப்பு சும்மாதானே கிடக்கு. அதைக் குடுத்துக் கடனைக் கட்டு. கிற்றாரை வைச்சிரன்."

அப்பா இந்த நாட்டுக்கு வர ஏஜென்சிக்குக் கட்டிய காசில் அம்மாவின் தாலிக்கொடியும் போனது. அந்தக் காப்பு அதற்குப் பிறகு அவ வாங்கின முதல் நகை. நான் மாட்டேன் என்றேன். பிறகு மாமி ஒருவர் சீட்டை முதலே கூறி எடுக்கலாம் என்றா. ஆனால் கழிவும் போய், மாதா மாதம் கட்டவும் வேண்டும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன்!

வாத்தியக் கடையில் 800 டொலர் தருகிறோம் என்றார்கள். அவர்களும் லாபம் வைத்து விற்க வேண்டும்தானே. நானே இணையத்தில் விளம்பரம் போட்டேன். நாலாம் நாள் ஒரு அன்ரி வந்தா, ஜமேக்காவைச் சேர்ந்தவ, ஐம்பது தாண்டியிருக்கும். ஞாயிறுதோறும் சேர்ச்சில் வாசிக்கிறாவாம். கழுத்தைத் துவக்குப் பிடிப்பதுபோல் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்தா. ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி அழுத்திக் கேட்டா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் வாசித்தா. உண்மையைச் சொன்னால், என்னைவிட நன்றாகத்தான் வாசித்தா.

"ஏன் தம்பி விக்கிறீர்?" என்பதை ஆங்கிலத்தில் கேட்டா.

"கடன்."

தலையாட்டினா, அவ்வளவுதான். 1,450க்கு முடிந்தது. பெட்டியோடு அலன் சாவியையும் கொடுத்து, மாரியில் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம் என்றேன். அவவுக்கு அது தெரியாமல் இருக்குமா!

அன்றிரவே காசைக் காட்டில் கட்டினேன். மிச்சம் 3,350, மாத வட்டி 80இலிருந்து 56 ஆனது. பிந்தி வந்த இரண்டு இன்வொய்ஸ் காசில் மார்ச் மாதம் பூச்சியமாக்கினேன். இரண்டு கிழமையாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் கால் தன்பாட்டில் பேஸ்மென்ற்றுக்கு இறங்கும். ஆம்ப் மட்டும் நிற்கும். திரும்பி ஏறிவருவேன்.

இப்போது ஒவ்வொரு இன்வொய்ஸிலும் 100 டொலரை ஒரு தனிக் கணக்கில் போடுகிறேன். வங்கிச் செயலியில் அதற்கு முதலில் 'பேஸ்' என்று பெயர் வைத்தேன். போன கிழமை 'ரிக்கற்' என்று மாற்றினேன். அப்பம்மாவுக்கு 88 வயது.