கசிவா, ஈரமா?

ஆய்வுப் பணிக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், வாடகை வீட்டு ரேடியேட்டரின் அடியில் தரைவிரிப்பு நனைந்திருப்பதைக் கண்டு, வீட்டு முகவருக்கு எழுதினேன். அறைக்குள் துணி உலர்த்துவதால் ஆவி படிந்து உண்டான ஈரம் அது என்றும், விரிப்பு பாழானால் முன்பணத்தில் கழிக்கப்படும் என்றும் பதில் வந்தது. அம்முன்பணம் எனது ஒரு மாத உதவித்தொகையைவிடப் பெரியது.

மொழியியல் பயின்ற எனக்கு, இங்கே வழக்கே ஒரு சொல்லில் அடங்கியிருப்பது புலப்பட்டது. தமிழில் கூரை ஒழுகும், மண்பானை கசியும், குழாய் சொட்டும். ஒவ்வொரு வினையும் நீர் எங்கிருந்து, எவ்வாறு வருகிறது என்பதைச் சுட்டுகிறது. 'ஈரம்' என்னும் பெயர்ச்சொல்லோ விளைவை மட்டும் கூறி, மூலத்தை மறைத்துவிடுகிறது. மூலம் மறைந்த இடத்தில், குடியிருப்பவரின் மூச்சையும் சமையலையும் துணியையும் எளிதாகக் காரணமாக்கிவிடலாம்.

ஆகவே, பெயரிடுவதை ஒத்திவைத்து விவரிக்கத் தொடங்கினேன். ஆவி குளிர்ந்த பரப்பில்தான் படியும். சூடான ரேடியேட்டரில் படியாது. வால்வையும் இணைப்புகளையும் உலரத் துடைத்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய தாளைச் சுற்றினேன். காலையில் வால்வின் தண்டைச் சுற்றிய தாள் மட்டும் நனைந்திருந்தது. அதில் கருமையும் படிந்திருந்தது. எஃகு ரேடியேட்டரின் உட்புறம் அரிக்கப்படும்போது உண்டாகும் இரும்பு ஆக்சைடின் நிறம் அது. சன்னலில் படியும் நீருக்கு அந்நிறம் இராது. பாய்லரின் அழுத்தமானியும் நான்கு நாளில் 1.4 பாரிலிருந்து 0.8க்கு இறங்கியிருந்தது.

குழாய்நீரைச் சேர்த்து அழுத்தத்தை உயர்த்திக்கொள்ளுமாறு முகவர் கூறினார். அது தீர்வன்று. மூடிய சுற்றில் சேரும் ஒவ்வொரு புதுநீரும் கரைந்த ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது; அது இரும்பை மேலும் அரிக்கிறது; அரிப்பின் கசடு ரேடியேட்டர்களின் அடியில் தங்கி வெப்பத்தைக் குறைக்கிறது.

இரண்டாம் மடலில் 'ஈரம்' என்ற சொல்லையே தவிர்த்தேன். நாள், நேரம், அழுத்த அளவுகள், தாள்களின் படங்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்தினேன். ஏழாண்டுக்குக் குறைவான வாடகை ஒப்பந்தங்களில் வெப்பமூட்டும் அமைப்பைப் பழுதுபார்த்துப் பேணுவது வீட்டு உரிமையாளரின் கடமை எனக் கூறும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவையும் சுட்டினேன்.

மூன்றாம் நாள் பிளம்பர் வந்தார். பார்த்தவுடன், வால்வு 'அழுகிறது' என்றார். மெல்லக் கசியும் இணைப்பை அந்நாட்டுத் தொழிலாளர் அவ்வாறுதான் சொல்வார்கள். தண்டைப் பிடித்திருந்த நட்டைத் தளர்த்தி, டெஃப்லான் நாடாவை முறுக்கிச் சுற்றி, மீண்டும் இறுக்கினார். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்து, அழுத்தத்தையும் சரிசெய்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவரது வேலைச்சீட்டில் 'வால்வுக் கசிவு' என்று எழுதியிருந்தது. முன்பணம் எனக்கு முழுமையாகத் திரும்பியது அந்தச் சீட்டினால்தான்.

வெளிநாடு செல்லும் ஆய்வு மாணவர்கள் அங்கே ஒரு பழுதைக் கண்டால் முதலில் அளந்து, படமெடுத்து, தேதியிட்டு வையுங்கள். அதற்கு என்ன பெயர் என்பதைப் பிறர் முடிவுசெய்யுமுன், உங்கள் விவரிப்பு அவர்கள் கையில் இருக்கட்டும்.