ஒழுகும் இடம் வேறு, ஓட்டை வேறு

சென்னையை அடுத்த முடிச்சூரில் வெளிவட்டச் சாலையை ஒட்டி சிஎம்டிஏ கட்டிய ஆம்னி பஸ் நிறுத்துமிடம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. இரவில் கிளம்ப வேண்டிய வண்டிகள் பகலில் அங்கே ஓய்வெடுக்கின்றன. நான் போனது அந்தப் பகுதியில் உள்ள ஒரு பட்டறைக்கு. பஸ் டாப்பில் ஒழுகல் அடைப்பவர் ஒருவரைப் பார்க்க வேண்டும். கரூரில் கூண்டு கட்டித் தொழில் பழகியவர்.

ஸ்லீப்பர் வண்டி ஒன்று வந்திருந்தது. இடப்பக்கம், மூன்றாவது மேல் படுக்கையில் சொட்டுகிறதாம். அவர் அந்த இடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காது சார். எங்கயோ பூந்து, சீலிங்குக்கு மேலயே ஓடி, பள்ளமா இருக்கிற எடத்துல எறங்கும்.”

சீலிங் பலகையைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு பையனை டார்ச்சோடு படுக்க வைத்தார். ஹோஸ் தண்ணீரைத் தாழ்வான ஜாயிண்டில் தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோனார். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஜாயிண்டும் ஒரேயடியாக நனைந்து குழப்பிவிடும். பழைய கேரியர் இருந்த இடத்துக்குத் தண்ணீர் போனதும் உள்ளிருந்து குரல் வந்தது: “அண்ணே, வருதுண்ணே!”

கேரியரைக் கழற்றியவர்கள் போல்ட் ஓட்டைகளை எம்-சீல் வைத்து மூடியிருந்தார்கள். அதன் விளிம்பில் நகம்கூட நுழையாத விரிசல். டாப் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். 40 டிகிரி வித்தியாசத்தில் 12 மீட்டர் அலுமினியத் தகடு 11 மில்லிமீட்டர் நீளும். அடியிலுள்ள இரும்புச் சட்டம் ஆறுகூட நீளாது. இந்த இழுபறிக்குக் கல்லாக இறுகும் எம்-சீல் ஈடுகொடுக்காது. ரப்பர்போல் வளையும் பியூ சீலன்ட்தான் தாங்கும்.

அடைப்பது கால் மணி வேலை. சுரண்டுவதற்குத்தான் பாதி நாள் போயிற்று. முன்பு யாரோ சிலிக்கான் வேறு பூசியிருந்தார்கள். அதன் பிசுக்கு மிச்சமிருந்தால் மேலே எதுவும் ஒட்டாது. பளபளவென்று தகடு தெரியும்வரை சுரண்டி, துடைத்து, காயவிட்ட பிறகே சீலன்ட் கன்னைக் கையில் எடுத்தார்.

ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்துதான் இத்தனையும். டாப்பில் பிடிக்கக் கம்பி இல்லை, இடுப்பில் கயிறும் இல்லை. ஏசிக்கும் சீட்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கும் தொழிலில், மேலே ஏறி நிற்பவருக்கு ஒரு பாதுகாப்பு பெல்ட் வாங்கித் தராதது அநியாயம்.

“ஆவணியில வாங்கன்னா யாரும் வர்றதில்ல சார். ஐப்பசியில ஒழுக ஆரம்பிச்சதும் ஓடி வருவாங்க. மழையில நான் எப்படி ஒட்டுறது?”

வலப்பக்க ரிவிட்டுகளிலும் விரிசல் கண்டிருந்தது. டிரைவர் முதலாளிக்குப் போன் போட்டார். சொன்ன ஓட்டையை மட்டும் அடைத்தால் போதும் என்று பதில் வந்தது. பிரித்த டியூப் வைத்திருந்தால் இறுகிவிடும். மிச்சம் எத்தனை ரிவிட்டுக்கு வரும் என்று பார்த்துவிட்டு, காசு கேட்காமலே அவர் அந்தப் பக்கம் சுரண்டத் தொடங்கினார்.