தகரத்துக்கு மேலே கிடுகு

எங்களுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கிலுள்ள மயிலிட்டி. 1990இல் போரால் அங்கிருந்து இடம்பெயர்ந்து, கொக்குவிலில் ஒருவரின் வளவில் கொட்டில் போட்டோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு ஓடி, மறு வருடம் சித்திரையில் திரும்பி வந்தால் கொட்டில் இல்லை. கிடுகு வாங்கக் காசில்லை. கிடைத்த பழைய தகரங்களைப் போட்டோம்.

ஏப்ரல் நடுவில் யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் நேர் உச்சி. சோளகக் காற்று எழும்வரை இலைகூட அசையாது. பகல் பன்னிரண்டுக்குத் தகரத்து வெக்கை உச்சந்தலைக்குள் இறங்கும். பானைத் தண்ணியும் சுடும். கடல் ஈரம் கலந்த காற்றில் வேர்வை காயாது. அது காய்ந்தால்தானே உடம்பு ஆறும். கைக்குழந்தையாயிருந்த தம்பியின் முதுகெல்லாம் வேர்க்குரு. “பிள்ளை, தம்பியைத் தூக்கிக்கொண்டு வேம்புக்குக் கீழ போ. வெயில் சாயுமட்டும் உள்ளுக்கு வராதை” என்பார் அம்மம்மா.

அந்த வேம்பு காணிக்காரருடையது. வாசலில் ஒரு முருங்கைக் கொப்பு நடக் கேட்டோம், அவர் விரும்பவில்லை. மரம் வேர்விட்டால் ஆட்களும் எழும்பமாட்டார்கள் என்ற பயம். இத்தனை காலம் இருக்க இடம் தந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வெயிலிலிருந்து தப்புவதற்கும் காணி உறுதி வேண்டும் என்று அந்த வயதிலேயே விளங்கிற்று.

அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்துக் கிடுகு வாங்கினார். தகரத்துக்கு மேல் பனஞ்சலாகை கட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு வேய்ந்தார். வெயிலைக் கிடுகு தாங்கிற்று. இடைவெளியால் சூடு வெளியே போயிற்று. அன்றிரவு தம்பி அழாமல் நித்திரை கொண்டான்.

பின்னொரு நாள் இந்திய நகரமொன்றைப் பற்றிப் படித்தேன். 2010 மே மாதம் அகமதாபாத்தில் 46.8 பாகை வெயில் அடித்தது. அந்த மாதம் வழமையைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை பூசினார்கள். அதைப் படித்தபோது அப்பாவின் கைதான் நினைவுக்கு வந்தது.

மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஊர் திரும்ப முடியாமல் தகரத்தின் கீழ் இருந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அரசு சுண்ணாம்பும் கிடுகும் கொடுக்கட்டும். கூடவே, காணிக்காரரோடு பேசி மரம் நட எழுத்தில் சம்மதமும் வாங்கிக் கொடுக்கட்டும். வேம்பு சில வருடங்களில் நிழல் தந்துவிடும். தற்காலிகமாக இருப்பவர்களுக்கு மரம் எதற்கு என்று கேட்கவேண்டாம். தற்காலிகம் என்று சொல்லித்தான் எங்களை 27 வருடம் இருக்க வைத்தார்கள்.