வேனின் பின்பக்கம் ஆடுகிறதா? முதலில் ரப்பரைப் பாருங்கள்!

'வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னால் கடக் கடக்னு சத்தம் வருது. பட்டையை மாத்தணுமா?' பழைய வேன் வைத்திருக்கும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கைத்தான் பட்டை என்பார்கள். பல வண்டிகளில் பட்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பட்டையின் இரண்டு முனைகளிலும் உள்ள கண்களில், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் புஷ் இருக்கிறதே, அதுதான் தேய்ந்திருக்கும்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தக்காளி போடும் விவசாயி ஒருவருக்கும் இதே தொல்லைதான். அவருடையது கைமாறி வந்த மாருதி ஆம்னி கார்கோ வேன். 14 கிலோ பெட்டி 25 ஏற்றினால் 350 கிலோ. தோட்டத்து மண்பாதை, குண்டும் குழியுமான ஊர்ச்சாலை, அப்புறம் தார்ச்சாலை என்று வாரத்துக்கு நான்கு நடை. முதலில் சத்தம் மட்டும்தான் வந்தது. பிறகு பிரேக் பிடித்தால் பின்பக்கம் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஒரு மழை நாளில், வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய்த் திரும்பி வந்தது. முன் சீட்டில் மனைவியும், அவர் மடியில் மூன்று வயதுக் குழந்தையும். அன்றிலிருந்து அந்த அம்மா வேனில் ஏறவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் போய் வந்தார். "நீங்க தனியாப் போனாலும், திரும்பி வர்ற வரைக்கும் எனக்குக் கண்ணு மூடறதில்லைங்க" என்றார்.

வழக்கமாகப் பார்க்கும் ஒர்க் ஷாப்பில், இரண்டு பக்கப் பட்டையையும் செட்டோடு மாற்றச் சொன்னார்கள். தக்காளி விலை தரையில் கிடந்த நேரம் அது. அங்கேயே எட்டு மாதத்துக்கு முன்னால்தான் புஷ் மாற்றியிருந்தார். அதற்குள் எப்படிப் போகும் என்ற சந்தேகத்தில் மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் அண்ணன் அவர். நாமக்கல்லில் லாரிப் பட்டை வேலை செய்யும் பட்டறையில் பல வருடம் இருந்தவர்.

"மாப்ளே, வண்டியைச் சமதரையில நிறுத்துங்க. பட்டைக் கண்ணுக்கும் அது மாட்டியிருக்கிற பிராக்கெட்டுக்கும் நடுவுல கடப்பாரை முனையைக் கொடுத்து லேசா நெம்பிப் பாருங்க. நல்ல புஷ்னா கொஞ்சமா அமுங்கித் திரும்பும். லொடலொடன்னு ஆடுச்சுன்னா முடிஞ்சுபோச்சு."

ஆடியது. டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணின் நடுவில் இருக்கவேண்டிய பின் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. சுற்றிலும் கறுப்பு ரப்பர்த்தூள். இரும்பும் இரும்பும் உரசிய இடம் வெள்ளி மாதிரி மின்னியது. பட்டையில் விரிசல் இல்லை, வளைவும் குறையவில்லை.

எட்டு மாதத்தில் புஷ் போனதற்கு, மச்சான் நேரில் வந்து பார்த்து இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, துரு பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் அடித்த கழிவு ஆயில். இரும்புக்கு அது நல்லது. ரப்பருக்கு ஆகாது. ரப்பர் ஊறி, உப்பி, பிசுபிசுத்துவிடும். இன்னொன்று, நட்டை முறுக்கிய நேரம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

வண்டியைத் தூக்கி நிறுத்தினால் பின் அச்சு கீழே தொங்கும். அதோடு சேர்ந்து பட்டையின் கண்ணும் திரும்பி நிற்கும். அந்த நிலையில் நட்டை இறுக்கினால் ரப்பர் அங்கேயே கவ்விக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் பட்டை தன் பழைய நிலைக்கு வரும்போது, கவ்விய ரப்பர் முறுக்கிக்கொண்டுவிடும். சும்மா நிற்கும்போதே முறுக்கு, பாரம் ஏற்றினால் இன்னும் முறுக்கு. புது ரப்பர் கிழிய வேறென்ன வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பமானது. நட்டுகளில் முதல் நாள் இரவே துருவை இளக்கும் ஆயில் விட்டு ஊறவைத்திருந்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கியதுமே உள்ளே நுழையப் போனவரை மனைவிதான் தடுத்தார். "அண்ணே, கட்டை வைக்காம இவரு அடியில போனா ஸ்பேனரைக் கொண்டுபோய்க் கிணத்துல போட்டுருவேன்."

அவர் பிடிவாதம் நியாயமானது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. மண் தரையில் ஜாக்கி அமிழும், சாயும். அடியில் கனமான பலகை போட்டே ஆகவேண்டும். ஹாலோ பிளாக்கை அடுக்கி முட்டுக் கொடுப்பது அதைவிட மோசம். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். ஆம்னியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது பின்சக்கரம் இழுக்கிற வண்டி, ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தைத்தான். பின்பக்கம் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிட்டால் கியரும் நிறுத்தாது, ஹேண்ட் பிரேக்கும் நிறுத்தாது. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது ஒன்றுதான் வழி. அவர்கள் அப்படிக் கொடுத்து, அடிச்சட்டத்தின் கீழ் வாடகைக்கு வாங்கிய இரும்பு ஸ்டாண்டு இரண்டு வைத்து, கழற்றிய சக்கரங்களையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார்கள். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும், ஆளின் மேல் உட்காராது. வெளியே நின்று பலமாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போனார்கள்.

அதற்குப் பிறகு பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். அச்சின் கீழ் இன்னொரு ஜாக்கி வைத்து, பின் மேல் பாரம் விழாத அளவுக்கு ஏற்றினார்கள். நட்டைக் கழற்றி, பின்னைச் சுத்தியால் தட்டி எடுத்தார்கள். அந்த வண்டியில் ரப்பர் இரண்டு துண்டாக வரும், இரு பக்கமிருந்தும் கையால் அமுக்கிச் சொருகிவிடலாம். சில கார்களில் ரப்பரோடு இரும்புக் குழாயும் சேர்ந்து ஒட்டியிருக்கும். அதைப் பிரஸ் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். வீட்டில் சுத்தியால் அடித்து ஏற்றினால் புது புஷ் கோணிவிடும்.

பழைய பின்னை மச்சான் நகத்தால் தடவிப் பார்த்தார். பள்ளம் விழுந்திருந்தது. "இதுல புது ரப்பர் போட்டா ரெண்டு மாசம்கூட நிக்காது" என்று அதையும் மாற்றச் சொன்னார். கண்ணின் உள்பக்கத் துருவை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவி ரப்பரைச் சொருகினார்கள். கிரீஸ் வேண்டவே வேண்டாம் என்றார். அதுவும் ஆயில்தானே.

நட்டுகளைக் கையால் மட்டும் திருகி நிறுத்தி, சக்கரங்களை மாட்டி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். பின்பக்கத்தை நான்கைந்து முறை அமுக்கி விட்டார்கள், பட்டை தன் இடத்துக்கு வரட்டும் என்று. அதற்குப் பிறகுதான் எல்லா நட்டையும் இறுக்கினார்கள். குனிந்து, படுத்து, ஸ்பேனரைக் கால் திருகு கால் திருகாகத் திருப்ப வேண்டியிருந்தது. வண்டி தூக்கியிருந்தால் இரண்டு நிமிட வேலை. எட்டு மாதத்துக்கு முன் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஆசைப்பட்டுத்தான் யாரோ மேலேயே முறுக்கிவிட்டிருக்கிறார்கள்.

ரப்பர், பின், ஸ்டாண்டு வாடகை எல்லாம் சேர்த்தும், பட்டை செட்டுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சத்தம் நின்றது. ஆனாலும் மனைவி அன்றைக்கு ஏறவில்லை. "பாரம் ஏத்தி ரெண்டு நடை போய்ட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். ஒரு வாரம் கழித்து நட்டுகளைத் திரும்பச் சோதித்தபோது, ஒன்று மட்டும் கால் திருகு வாங்கியது. அதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகே குழந்தையோடு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

இப்போதும் மழைக்காலத்துக்கு முன் அடியில் ஆயில் அடிக்கிறார்கள். அதற்கு முன்னால், பட்டைக் கண் நான்கையும் பழைய உரச்சாக்கைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிடுவது அந்த அம்மாவின் வேலை.