சைலென்ஸரின் சப்தம்

சைலென்ஸர் என்றால் ஓசையை அடக்குவது என்று பொருள். நம் பழைய அம்பாஸடரில் அதுவே ஜாலரா தட்டிற்று. அந்த வண்டியின் உற்பத்தி 2014-ல் நின்றபின், கடையில் கிடைத்த குழாயைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நமக்குக் கிடைத்ததன் வளைவு சற்றே பிசகியிருந்தது. நம் வருகையை இரண்டு தெருவுக்கு அப்பாலேயே அறிந்து வகுப்பு அமைதியாகிவிடும். அது ஒன்றே அனுகூலம்.

"அசையாமல் பற்றவைத்துவிடுகிறேன், ஸார்" என்றார் மெக்கானிக். நாம் இணங்கவில்லை. எஞ்சின் ரப்பர்க் கட்டைகளின்மேல் அமர்ந்து குலுங்குவது; குழாயோ சூடேறினால் நீளும். அதை வண்டியின் உடம்போடு இறுக்கினால் என்றேனும் வெடிப்பு விடும். அதன் வழியே கசியும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பின் ஆசனத்தில் உறங்குவதோ குழந்தைகள்.

பட்டறைக் குழியின்மேல் வண்டியை நிறுத்தி, சூடு ஆறியபின் குழாயைக் கையால் ஆட்டச் சொன்னோம். அடித்தகட்டில் இடிபட்ட இடம் வெள்ளியாய்ப் பளபளத்தது. குழாயைத் தாங்கும் ரப்பர் பிய்ந்து தொங்கிற்று. புது ரப்பர் மாட்டி, கிளாம்ப்பைத் தளர்த்திக் குழாயைச் சற்றே திருப்பி, விரல் நுழையும் இடைவெளி விட்டு முடுக்கினார் மெக்கானிக். சப்தம் நின்றது.

இப்போது இடது கதவின் முனகல் தெளிவாகக் கேட்கிறது.