வலியா, காந்தலா?

அறந்தாங்கியில் வாழ்ந்த நம் அத்தா அவர்கள் வயிற்று நோயால் துன்புற்ற ஆண்டுகள் பல. ஒருமுறை அவர்களை வெளியூர் மருத்துவமனையொன்றுக்கு அழைத்துச் சென்றோம். "வலி உண்டா, பெரியவரே?" என்று வினவினார் மருத்துவர். "வலியெல்லாம் இல்லைங்க" என்றார்கள் அத்தா. சீட்டில் அவ்வாறே எழுதப்பட்டது. திரும்பும் பேருந்தில், "இரவெல்லாம் உறங்காமல் இருந்துவிட்டு வலியில்லை என்றீர்களே!" என்று கேட்டோம். "அது வலியில்லையப்பா, காந்தல். அவர் காந்தலைக் கேட்கவில்லையே" என்றார்கள். குடற்புண் என்று தெரிய மேலும் ஐந்து மாதங்கள் சென்றன. அதுவும் இரத்த வாந்தி கண்ட பிறகே.

இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. வயிற்றுப் பொருமலை அளக்க நோயாளியின் நாவைத் தவிர வேறு கருவி ஏது? ஐ.பி.எஸ். எனப்படும் குடல் நோயில், குழாய் விட்டுப் பார்த்தாலும் புண் எதுவும் தென்படுவதில்லை. எனவே அந்நோய்க்கான புது மருந்தைச் சோதிப்போர் நோயாளியின் சொல்லையே எண்ணாக்க வேண்டியுள்ளது. கடந்த 24 மணி நேரத்தில் மிகக் கடுமையாயிருந்த வலிக்கு 0 முதல் 10 வரை எத்தனை எண் என்று நாள்தோறும் கேட்க வேண்டும். வாரச் சராசரி 30 விழுக்காடேனும் குறைந்தால்தான் அவ்வாரம் பயன் கண்ட வாரம். இது அமெரிக்க மருந்துத் துறை 2012இல் வகுத்த நெறி. மலத்தின் தன்மைக்கு, பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட ஏழு வகைப் படங்கள் உள. கூச்சத்தால் வாய் திறவாத நம் வீட்டுப் பெண்களும் படத்தை விரலால் காட்டிவிடலாம் அல்லவா?

ஆயினும் சொல்லே சிக்கல். ஐ.பி.எஸ். நோயை வரையறுக்கும் 'ரோம்' விதிகள் 2016இல் திருத்தப்பட்டபோது, 'அசௌகரியம்' எனும் பொருள்படும் ஆங்கிலச் சொல் நீக்கப்பட்டு வலி மட்டுமே நிறுத்தப்பட்டது. பல மொழிகளில் அதற்கு நேர்ச்சொல் இல்லை என்பது ஒரு காரணம். நம் தமிழுக்கோ சொற்பஞ்சமில்லை! காந்தல், பொருமல், உப்புசம், பிசைதல், புரட்டல், நெஞ்சு கரிப்பு... இவற்றுள் எதெது வலி? வினாத்தாளைத் தமிழாக்கியபின், வேறொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவதும், நோயாளிகளுடன் அமர்ந்து "இதை எவ்வாறு விளங்கிக்கொண்டீர்கள்?" என்று கேட்பதும் இதற்காகவே.

எழுதிவைப்பதிலும் வழுக்கல் உண்டு. நாட்பட்ட வலியுடையோர்க்குக் காகிதக் குறிப்பேடுகளைக் கொடுத்து, அவை திறக்கப்படும் நேரத்தை அறிய ஒளியுணர் கருவியை உள்ளே மறைத்துவைத்த ஆய்வொன்று 2002இல் வெளியாயிற்று. உரிய நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியது 90 விழுக்காடு; உண்மையோ 11! பள்ளி திறக்கும் முன்னிரவில் விடுமுறைப் பாடம் எழுதிய நமக்கு அவர்களைக் குறைகூற நா எழவில்லை. மின்னணுக் குறிப்பேடு பெற்றவர்களோ 94 விழுக்காடு எழுதினர்.

இப்பொழுதெல்லாம் வீட்டில் எவரையேனும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமுன், அவர்கள் சொல்லும் சொல்லையே ஒரு வாரம் அன்றன்று குறித்துக்கொள்கிறோம். சென்ற மாதம் அம்மாவுக்காக எழுதியது: "அஸருக்குப் பின் புரட்டல்; மஃரிபுக்குள் அடங்கும்." மருத்துவர் இருமுறை படித்துவிட்டு, "புரட்டல் என்றால் வாந்தி வருவது போலவா, வயிற்றைப் பிசைவது போலவா?" என்று அம்மாவிடமே கேட்டார்.