24,000-ஆவது கிலோமீட்டர்

அந்த வழக்கில் ஒப்பந்தத்தின் எழுத்து என் பக்கம் இருந்தது. நான் பைக் டீலருக்காக ஆஜரானேன். எதிர்ப்பக்கத்தில் முறையீட்டாளர் வக்கீல் வைக்காமல் தாமே நின்றார். நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளுக்கு மருந்தும் சத்துப்பொடியும் விற்கும் பிரதிநிதி அவர். வக்கீல் இல்லாமல் வாதாட நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளோ சேவையோ என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. பைக் வாங்கும்போது எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் இந்த வழக்கைத்தான் சொல்வது. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற கேள்வி அல்ல அது.

2021 மார்ச்சில் அவர் ஒரு 125 சிசி வண்டி எடுத்தார். கம்பெனி தானே தந்த வாரன்டி 3 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது. டெலிவரி அன்று கூடுதலாக 1,900 ரூபாய் கட்டினால் அது 5 ஆண்டு அல்லது 50,000 கிலோமீட்டராக நீளும் என்றார்கள், கட்டினார். வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வீட்டார் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் நம் ஊர் வழக்கம். அவரும் அப்படித்தான் போட்டார். நிபந்தனைகள் அச்சிட்ட புத்தகம் பணம் கட்டிய பிறகு, சாவியோடு கைக்கு வந்தது.

2022 அக்டோபரில் பரமத்தி வேலூர் சாலையில் வண்டி நின்றுபோனது. மீட்டர் 34,000-ஐத் தாண்டியிருந்தது. மேக்னட் காயில் எரிந்து, ரெகுலேட்டரும் ஒயரிங்கில் ஒரு பகுதியும் கருகிப்போயிருந்தன. செலவு 6,800 ரூபாய். கம்பெனி வாரன்டி 30,000-லேயே முடிந்துவிட்டதால், கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய வாரன்டிக்கு அதுதான் முதல் வேலை. அதையும் டீலர் மறுத்துவிட்டார். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது 90 நாளுக்கு ஒருமுறை, கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் மட்டுமே சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 24,000-ஆவது கிலோமீட்டரில் வரவேண்டிய சர்வீஸ் பதிவில் இல்லை.

அந்த சர்வீஸ் ஏன் தவறியது என்பதை அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “சித்திரை வெயிலுங்க ஐயா. பண்ணையில கோழி கொத்துக்கொத்தா சாகுது. மருந்து வேணும்னு போன் மேல போன். சர்வீஸுக்கு வண்டிய காலையில விட்டா சாயங்காலம்தான் தருவாங்க. ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. நான் எந்த நாள விடறதுங்க?” சேந்தமங்கலத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் நின்ற நிலையில் ஆயில் மாற்றிக்கொண்டு போயிருக்கிறார். மாதம் 1,800 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 50 நாளுக்கு ஒருமுறை சர்வீஸ் வரும். ஒவ்வொரு சர்வீஸும் ஒரு நாள் வருமானம். பில்லில் எழுதிய 1,900 ரூபாயைத்தான் அந்த வாரன்டியின் விலை என்று அவர் நினைத்திருந்தார். இந்த நாட்களின் விலை எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை.

டீலர் கல்நெஞ்சர் என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. வாரன்டியில் ஒரு பாகம் மாற்றினால் டீலர் அதைக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாகத்துக்கும் கூலிக்கும் பணம் கேட்க வேண்டும். சர்வீஸ் வரிசையில் ஓர் ஓட்டை இருந்தால் அந்த விண்ணப்பம் மேலே நகராது. தன் கைப்பணத்தைப் போட்டுத்தான் வாடிக்கையாளருக்கு நியாயம் செய்ய முடியும் என்ற இடத்தில் டீலர்கள் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். விதியை எழுதியவர் வேறு ஊரில் இருக்கிறார். அதை முகத்துக்கு நேரே சொல்லி, ஏச்சு வாங்க வேண்டியவர் இங்கே கவுண்டரில் இருக்கிறார். என் கட்சிக்காரர் என்னிடம் வந்தபோது சொன்ன முதல் வார்த்தையே, “அவர் பொய் சொல்லலைங்க சார், ஆனா என் கையில எதுவும் இல்ல” என்பதுதான்.

இப்படி ஒரு நிபந்தனையே நியாயமற்றது என்று முறையீட்டாளர் கேட்டிருக்க முடியாதா? கேட்கலாம், ஆனால் அந்த ஆணையத்தில் முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு புதிய வழியைத் திறந்தது. ஒருதலைப்பட்சமான நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தையும் தந்தது. ஆனால் அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையம் சென்னையில், அதன் கிளை அமர்வு மதுரையில். 6,800 ரூபாய்க்காக மருந்துப் பையை வைத்துவிட்டு அங்கே போகிறவர் யார்? ஆகவே நிபந்தனை அப்படியே நின்றது. அதைப் பயன்படுத்திய விதத்தில் சேவைக் குறைபாடு உண்டா என்பது மட்டுமே மாவட்ட ஆணையம் பார்க்கக்கூடியதாக இருந்தது. இந்தக் குறுகலான வாசலை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது காரணம் பற்றிய வாதம். எண்ணெய் சர்வீஸ் ஒன்று தவறியதற்கும் மின்சாரக் காயில் எரிந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த வண்டியில் காயில் இஞ்சின் எண்ணெய்க்குள் இருக்கிறது. எண்ணெய்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. பழைய எண்ணெயில் ஓடினால் காயிலின் சுற்றுப்பூச்சு வெந்துபோகலாம் என்று கம்பெனியின் சர்வீஸ் இஞ்சினியர் பிரமாணப் பத்திரம் தந்தார். முறையீட்டாளர் பதிலுக்கு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க்கறை, ‘ஆயில் 1, கூலி’ என்று இரண்டு வரி, தேதி. ஜி.எஸ்.டி. எண் இல்லை, வண்டி எண் இல்லை, மீட்டர் அளவு இல்லை. அது சான்றே ஆகாது என்று நான் எதிர்த்தேன். எதிர்ப்பு சட்டப்படி சரி. ஆனால் சாலையோர மெக்கானிக்கிடம் அதற்கு மேல் ஒரு ரசீதை எதிர்பார்க்க முடியாது என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இப்படி நிபுணர் சொன்னால்தான் தெரியும் என்ற குறையுள்ள பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதற்கான கட்டணத்தை முறையீட்டாளர் முன்கூட்டியே கட்ட வேண்டும். பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவரைக் கமிஷனராகப் போட்டுப் பார்க்கலாம் என்றாலும் அவருக்கும் கட்டணம் உண்டு. எரிந்த காயிலின் விலைக்கு நெருங்கிய தொகையைக் கட்டி, அது ஏன் எரிந்தது என்று தெரிந்துகொள்ள அவர் தயாராக இல்லை. நாங்களும் கேட்கவில்லை. முடிவு நமக்குப் பாதகமாக வரலாம் என்ற இடத்தில் வக்கீல் ஆய்வு கேட்பதில்லை.

வழக்கைத் திருப்பியது ஆணையத்தின் பெண் உறுப்பினர். சர்வீஸ் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “24,000-ல சர்வீஸ் தவறிடுச்சு, அதோட வாரன்டி போச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் 27,000, 30,000, 33,000-ல இவர் உங்க கட்சிக்காரர்கிட்டதான் வந்திருக்கார். மூணு தடவையும் பணம் வாங்கியிருக்கீங்க. வாரன்டி போயிடுச்சுன்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா?” சொல்லியிருக்கவில்லை. வாரன்டி உயிரோடு இருக்கிறது என்று நம்பியே அந்த மனிதர் அங்கீகரித்த சென்டருக்குக் கூடுதல் காசு கொடுத்து வந்துகொண்டிருந்தார். அந்த நம்பிக்கையின் லாபத்தை வாங்கிக்கொண்டவர், பிறகு அதே வாரன்டி எப்போதோ செத்துவிட்டது என்று சொல்ல முடியுமா? என்னிடம் அதற்கு நேர்மையான பதில் இல்லை. ஒப்பந்தத்தின் எழுத்தை மறுபடி ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.

தீர்ப்பு ஒரு நடுவழியில் போனது. வாகன இன்சூரன்ஸ் வழக்குகளில், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் இழப்பீட்டை முழுவதும் மறுக்காமல் 75 சதவீதம் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் நிதின் கண்டேல்வால் வழக்கிலும், 2010-இல் அமலேந்து சாஹு வழக்கிலும் சொல்லியிருக்கிறது. வாரன்டி இன்சூரன்ஸ் ஆகாது. இருந்தாலும் அந்த அளவுகோலை ஆணையம் எடுத்துக்கொண்டது. 6,800-இல் 75 சதவீதம், 5,100 ரூபாய். வழக்குச் செலவுக்கு 2,000 ரூபாய். கம்பெனியும் டீலரும் சேர்ந்து தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு, உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். யாரும் போகவில்லை. எனக்கு டீலர் தந்த கட்டணம் அந்தக் காயிலின் விலையைவிட அதிகம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வு தேவைப்படாத முறையீட்டை 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். 2023 தொடக்கத்தில் போட்ட மனுவுக்கு 2024-இல்தான் உத்தரவு வந்தது. பல ஆணையங்களில் நடப்பதுதான். இதற்கிடையில் அவர் வண்டி 50,000-ஐத் தாண்டிவிட்டது. மாதம் 1,800 என்று கணக்குப் போட்டால், 5 ஆண்டு என்று சொல்லி விற்ற வாரன்டி அவருக்கு 28 மாதத்தில் தீர்ந்திருக்கும். காசில்லாமல் வந்த 3 ஆண்டு வாரன்டியின் ஆண்டுக்கணக்கே அப்போது முடிந்திருக்காது. டெலிவரி அன்று இந்த வகுத்தல் கணக்கை யாரும் அவருக்குப் போட்டுக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை, ‘எது முன்னால் வருகிறதோ அது’ என்ற வரியை யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் எக்ஸ்டெண்டட் வாரன்டி வீணா? அப்படிச் சொல்வதும் தவறு. இன்சூரன்ஸ் வைத்திருக்கிறோமே என்பார்கள். வாகன இன்சூரன்ஸ் விபத்து, திருட்டு போன்றவற்றுக்குத்தான், இயந்திரமோ மின்கருவியோ தானாகப் பழுதானால் அது தராது. அந்த இடைவெளியை நிரப்புவது வாரன்டி மட்டுமே. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பியூயல் இஞ்செக்‌ஷனும் சென்சாரும் ஈ.சி.யூ.வும் வந்துவிட்டன. இவை போனால் சாலையோரத்தில் தட்டிச் சரிசெய்ய முடியாது. மாற்றத்தான் வேண்டும், விலையும் அதிகம். ஆனால் நாம் அடிக்கடி மாற்றுகிற பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், செயின் செட், பல்பு போன்ற தேய்மானப் பாகங்கள் பொதுவாக வாரன்டிக்குள் வருவதில்லை. வண்டி முழுவதையும் மாற்றித் தா என்றும் கேட்க முடியாது. குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் வாரன்டியின் எல்லை என்று 2006-இல் மாருதி கார் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஆகவே என் கணக்கு இது. வாரன்டியின் கிலோமீட்டர் வரம்பை, நீங்கள் மாதம் ஓடும் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். கூடுதல் காசுக்கு உண்மையில் எத்தனை மாதம் கிடைக்கிறது என்று தெரியும். மாதம் 500, 600 கிலோமீட்டர் ஓடுகிறவர், எப்படியும் கம்பெனி சர்வீஸுக்கே போகிறவர், ஐந்து ஆண்டு வண்டியை வைத்திருக்கப் போகிறவர் என்றால் 1,900 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். நாள் முழுவதும் வண்டியிலேயே பிழைக்கிறவருக்குத்தான் பழுதும் அதிகம் வரும், வாரன்டியும் முதலில் தீரும். அவர் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைப்பதே மேல். இன்னொன்று, டெலிவரி அன்றே முடிவெடுக்க வேண்டிய அவசரமும் எப்போதும் இருப்பதில்லை. முதல் வாரன்டி முடியும்வரை, விலை கொஞ்சம் கூடினாலும், விற்கிற கம்பெனிகள் உண்டு. நிபந்தனைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று கேளுங்கள். எடுத்துவிட்டால் ஒரு சர்வீஸும் தவறக் கூடாது. தவறினால், அடுத்த முறை போகும்போது வாரன்டி இன்னும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு என் கட்சிக்காரர் யோசனை கேட்டார்; நானும் சொன்னேன். இப்போது அவர் கடையில் வண்டி எடுக்கிற ஒவ்வொருவரிடமும், ‘நிபந்தனைகள் எல்லாம் எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டன, சர்வீஸ் தவறினால் வாரன்டி ரத்தாகும் என்பதை அறிவேன்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். எலுமிச்சம்பழம் வைக்கிற அதே நேரத்தில்தான் வாங்குகிறார்கள். அடுத்த வழக்கு வந்தால் அந்தத் தாள் யாரைக் காப்பாற்றும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.